வீட்டுக்கு வரும் மருத்துவக் கருவியும் வீட்டின் வயரிங்கும்

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் மருந்து, உணவு, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றைப் பற்றியவை. ஆனால் இன்று பலர் மருந்துப் பையுடன் ஒரு மின்கருவியையும் வீட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். சிலருக்கு அது ஆக்சிஜன் செறிவூட்டி. வேறு சிலருக்கு உறக்கத்தில் மூச்சுக்குத் துணைநிற்கும் சிபேப் கருவி, சளி உறிஞ்சும் கருவி, நெபுலைசர், அல்லது படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை. கருவியை எப்படி இயக்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைச் செருகப்போகும் பிளக் பாயின்ட் எத்தகையது என்று கேட்பவர் மிகக் குறைவு.

அந்த வினாவை நாங்களே எழுப்ப விரும்புகிறோம். வீட்டு மின்வயரிங் தொடர்பாகச் சட்டம் என்ன கூறுகிறது, யார் அந்த வேலையைச் செய்யலாம், எதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பவற்றைத் தமிழ்நாட்டு நிலைமையை மனத்திற்கொண்டு இக்கட்டுரையில் விளக்குகிறோம். இதைப் படிக்க மின்பொறியியல் அறிவு தேவையில்லை.

மருத்துவமனைச் சுவரும் வீட்டுச் சுவரும்

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலுக்குப் பின்னால் உள்ள பிளக் பாயின்ட் பார்வைக்கு வீட்டில் உள்ளதைப் போன்றதுதான். அதன் பின்னே உள்ள ஏற்பாடு வேறு. உயர் அழுத்த மின்இணைப்புப் பெறும் மருத்துவமனை, தன் மின்மாற்றி முதலியவற்றை இயக்கத் தொடங்கும் முன் மின் ஆய்வுத்துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் மின்தூக்கிக்குக்கூட 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்தூக்கிகள் மற்றும் நகரும் படிக்கட்டுகள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக மின்சாரம் தரும் முறையும் உண்டு. அம்முறையில் ஓரிடத்தில் கசிவு நேர்ந்தால் கருவி நின்றுவிடாது. எச்சரிக்கை மணி ஒலிக்கும், பொறியாளர் வந்து பார்ப்பார். மின்சாரம் நின்றால் சில நொடிகளில் ஜெனரேட்டர் பொறுப்பேற்கும்.

வீட்டில் இவை எவையும் இல்லை. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, வயரிங் முடிந்தது, சோதிக்கப்பட்டது என்று உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று மின்வாரியத்திடம் அளிக்கப்படுகிறது. அத்துடன் பெரும்பாலான வீடுகளில் சோதனை முடிந்துவிடுகிறது. அதன்பின் இருபது, முப்பது ஆண்டுகளில் குளிர்சாதனப் பெட்டி வருகிறது, வெந்நீர்க் கொதிகலன் வருகிறது, மாடியில் ஓர் அறை எழும்புகிறது, மழைக்காலத்தில் சுவர் ஊறுகிறது. சுவருக்குள் ஓடும் கம்பியை மட்டும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் கதவைத் தட்டிச் சோதித்துச் செல்லும் அலுவலர் எவரும் கிடையாது. மின்அமைப்பை ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்பதே மின்பாதுகாப்பு விதிகளின் நெறி. அந்த நெறியை வீட்டில் நிறைவேற்றும் பொறுப்பு நடைமுறையில் வீட்டாரையே சேர்கிறது.

நலமான ஒருவருக்கு இலேசான அதிர்ச்சியாகக் கடந்துபோகும் கசிவு, நோயாளிக்கு அவ்வாறு கடந்துபோகாமல் இருக்கலாம். காய்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. வியர்வையிலும் ஈரத்திலும் நனைந்த தோலுக்கும், புண்ணும் குழாய்த் துளையும் உள்ள உடலுக்கும் அந்தத் தடுப்பாற்றல் குறைவு. கையை உதறி விலகிக்கொள்ளும் வலிமையும் நோயாளிக்கு இல்லாமல் போகலாம். மூச்சுக்கே கருவியை நம்பியிருப்பவருக்கோ, மின்சாரம் திடீரென நிற்பதும் ஓர் ஆபத்து. ஆகவே வீட்டின் வயரிங் கசியாமலும் இருக்க வேண்டும், காரணமின்றி நின்றுபோகாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாம் துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனை எர்த் இணைப்புக்கானது. கருவியின் உலோக உடலை அது தரையோடு இணைக்கிறது. உள்ளே ஒரு கம்பி அறுந்து உலோகத்தைத் தொட்டுவிட்டால், மின்சாரம் மனித உடலைத் தேடாமல் இந்த வழியே தரைக்குப் போய்விடும். பாதுகாப்புச் சுவிட்ச் உடனே விழும். எர்த் இல்லாத வீட்டில் அதே உலோக உடல் 230 வோல்ட் அழுத்தத்துடன் ஓசையின்றிக் காத்திருக்கும். முதலில் தொடுபவர் வழியாக மின்சாரம் தரைக்குச் செல்லும்.

பழைய வீடுகளைப் பற்றி விசாரிக்கும்போது நாங்கள் அடிக்கடி கேள்விப்படும் குறைகள் நான்கு.

முதலாவது, பிளக் பாயின்டில் மூன்றாம் துளை இருக்கும். அதன் பின்னே கம்பியே இருக்காது.

இரண்டாவது, எர்த் கம்பி இருக்கும். ஆனால் அது தண்ணீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கும். இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அது ஓரளவு பயன்பட்டிருக்கலாம். குழாயை பி.வி.சி.யாக மாற்றிய நாளிலேயே அந்த எர்த் அறுந்துவிட்டது.

மூன்றாவது, மிகவும் ஆபத்தானது: எர்த் துளையையும் நியூட்ரல் துளையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுவது. சாதாரண நாளில் எல்லாம் சரியாக இயங்குவது போலத் தோன்றும். எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்தப் பாயின்டில் செருகிய கருவியின் உலோக உடல் முழுவதும் மின்னோட்டம் பெற்றுவிடும்.

நான்காவது, பிளக்கின் பெரிய முனையை உடைத்து, இரண்டு துளைப் பாயின்டில் செருகுவது. இதைச் செய்பவர் வெளியிலிருந்து வருபவர் அல்லர். அவசரத்தில் வீட்டாரே செய்கின்றனர்.

மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு டெஸ்டர் இந்த நான்கில் எதையும் காட்டிக்கொடுக்காது. எர்த் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை அதற்குரிய கருவியால் அளந்துதான் அறிய வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் எர்த் தேவையா என்று சிலர் கேட்கின்றனர். கருவியின் அடியில் உள்ள குறிப்புத் தகட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் பொறிக்கப்பட்டிருந்தால், அது இரட்டை மின்காப்பு உள்ள கருவி. எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இயங்கும்படி செய்யப்பட்டது. அந்தக் குறி இல்லாமல் மூன்று முனைப் பிளக்குடன் வந்த கருவிக்கு எர்த் கட்டாயம்.

எம்.சி.பி. வேறு, ஆர்.சி.டி. வேறு

“எங்கள் வீட்டில் டிரிப்பர் இருக்கிறது” என்று பலர் நிம்மதியாகச் சொல்கின்றனர். அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் எம்.சி.பி. ஆகும். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போதும் இரண்டு கம்பிகள் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும்போதும் எம்.சி.பி. விழுகிறது. அது கம்பியைக் காப்பாற்றுகிறது, தீப்பிடிக்காமல் தடுக்கிறது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஈரமான நிலையில் மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் கண்ணுக்கு அது கால் ஆம்பியரைக்கூட எட்டாத சிறு சுமை; அது விழவே விழாது.

ஆளைக் காப்பது ஆர்.சி.டி. எனப்படும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். ஆர்.சி.சி.பி. என்றும் கடைகளில் கேட்கலாம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் வந்தால், அது எங்கோ கசிகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.டி., அந்த அளவு கசிவு ஏற்பட்டால் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிட வேண்டும். கசிவு ஐந்து மடங்கானால் 0.04 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும். மேலே சொன்ன 230 மில்லி ஆம்பியர் அதன் அளவைப்போல் ஏழு மடங்குக்கும் மேல்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் விநியோக விதித்தொகுப்பில் செய்த திருத்தத்தின்படி, மின்நுகர்வோர் தம் இணைப்பில் ஆர்.சி.டி. பொருத்த வேண்டும், வீடுகளுக்கு அதன் அளவு 30 மில்லி ஆம்பியர். திருத்தத்துக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் அது இல்லை. உங்கள் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘டெஸ்ட்’ என்றோ ‘டி’ என்றோ குறித்த சிறு பொத்தான் ஒன்று உள்ள சுவிட்ச் இருந்தால் அதுவே ஆர்.சி.டி. அப்பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழுந்தால் கருவி நலமாக உள்ளது. அழுத்தும்போது வீட்டில் மின்சாரம் நிற்குமாதலால், நோயாளியின் கருவிக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டு அழுத்துக. இன்னொன்றையும் நினைவில் கொள்க: அந்தப் பொத்தான் ஆர்.சி.டி.யை மட்டுமே சோதிக்கிறது. எர்த் இருக்கிறதா என்பதைச் சோதிப்பதில்லை.

ஆர்.சி.டி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்புத் தருவோர் உண்டு. விழுவது ஆர்.சி.டி.யின் குற்றமாக இருப்பது அரிது. கொதிகலனில் கசிவு, ஊறிய சுவரில் கம்பி, எர்த்தும் நியூட்ரலும் கலந்த ஒரு பாயின்ட் என ஏதோ ஒன்று அதை விழச் செய்கிறது. காரணத்தைக் கண்டு நீக்குவதே மருந்து. காவல்காரனை வேலையிலிருந்து நீக்கிவிட்டால் திருட்டு நின்றுவிடாது.

இங்கே குடும்பத்தார் எழுப்பும் நியாயமான அச்சம் ஒன்று உண்டு. சமையலறையில் ஏற்பட்ட கசிவால் வீடு முழுவதும் மின்சாரம் நின்று, நள்ளிரவில் ஆக்சிஜன் செறிவூட்டியும் நின்றுவிட்டால் என்ன செய்வது? இதற்கு வழி உண்டு. நோயாளியின் அறைக்கு மெயின் பெட்டியிலிருந்தே தனி மின்சுற்று இழுத்து, அதற்கெனத் தனி ஆர்.சி.பி.ஓ. பொருத்தலாம். ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி., ஆர்.சி.டி. இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்வது. அந்தச் சுற்று, வீட்டின் மற்றப் பகுதிகளுக்குரிய ஆர்.சி.டி.யைத் தாண்டிச் செல்லாமல் தனியே பிரிய வேண்டும். அப்போது கொதிகலன் கசிந்தால் சமையலறை இருளும். நோயாளியின் அறை இருளாது. பாதுகாப்பைக் குறைக்காமல் தடையைக் குறைக்கும் முறை இதுவே.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் மின்பாதுகாப்புக்கு அடிப்படையாக இருப்பது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு விதிமுறைகளை வகுத்துள்ளது. 2010இல் வந்த விதிமுறைகளுக்குப் பதிலாக 2023இல் புதியவை நடைமுறைக்கு வந்தன. மாநில அளவில் தலைமை மின் ஆய்வாளரின் கீழ் மின் ஆய்வுத்துறை இயங்குகிறது. மின்பணி ஒப்பந்ததாரர்களுக்கு உரிமமும், மேற்பார்வையாளர், வயர்மேன் ஆகியோருக்குத் தகுதிச் சான்றிதழும் வழங்குவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்.

வீட்டாருக்கு மிகவும் வேண்டிய விதி ஒன்று உண்டு. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுக் கருவிகள் ஆகியவற்றை, மின்அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி, இருந்த இடத்தில் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. அதற்கு மேற்பட்ட எந்த மின்பணியும், அது புதிய இணைப்பாயினும் கூடுதல் பாயின்ட் ஆயினும் பழுதுபார்ப்பு ஆயினும், அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், அனுமதிச் சான்று பெற்றவரால்தான் செய்யப்பட வேண்டும்.

இதை நம் தேவைக்குப் பொருத்திப் பார்ப்போம். நோயாளியின் அறையில் எரிந்துபோன சுவிட்சுக்குப் பதிலாக அதே வகைச் சுவிட்சைப் பொருத்துவது முதல் வகை. ஆக்சிஜன் செறிவூட்டிக்காக மெயின் பெட்டியிலிருந்து புதிய கம்பி இழுத்துப் பாயின்ட் வைப்பது இரண்டாம் வகை. அதற்கு உரிமம் உள்ளவரே வேண்டும்.

மின்வாரியத்தின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதையும் அறிந்துகொள்வது நன்று. மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ள பழுதுகளை அவர்கள் பார்ப்பார்கள். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்குள் உள்ள வயரிங் நுகர்வோரின் பொறுப்பு. வீட்டின் மொத்தச் சுமை, இணைப்புப் பெறும்போது ஒப்புக்கொண்ட அளவை மீறுமானால், கூடுதல் சுமைக்கு மின்வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் நோயாளிக்காகப் புதிதாகக் குளிர்சாதனம் பொருத்தும் குடும்பங்களுக்கு இது பொருந்தும். மின்வாரியத்தைச் சார்ந்த புகார்களுக்கு மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

மின்பணியாளரிடம் என்ன கேட்பது?

“எல்லாம் சரியாக இருக்கிறதா, பாருங்கள்” என்று சொன்னால், “சரியாக இருக்கிறது” என்ற விடையே கிடைக்கும். குறிப்பாகக் கேட்டால்தான் குறிப்பான விடை வரும். நாங்கள் பரிந்துரைக்கும் வினாக்கள் இவை:

1. தங்கள் உரிமத்தையோ தகுதிச் சான்றிதழையோ பார்க்கலாமா? அது எந்த நாள்வரை செல்லும்? (இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டா. சான்று உள்ளவர் அதைக் காட்டத் தயங்கமாட்டார்.)

2. நோயாளியின் அறையில் உள்ள ஒவ்வொரு பாயின்டிலும் எர்த் உள்ளதா? எர்த்தும் நியூட்ரலும் எங்கேனும் இணைக்கப்பட்டுள்ளனவா?

3. எர்த் குழி எங்கே இருக்கிறது? அதன் தடையை எர்த் டெஸ்டரால் அளந்து சொல்ல முடியுமா?

4. மெக்கர் கருவியால் கம்பிகளின் மின்காப்பைச் சோதித்தீர்களா? (வீட்டு வயரிங்கில் 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் சோதிக்கும்போது, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்காப்புத் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது நெறி. சோதனைக்கு முன் எல்லாக் கருவிகளையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும்.)

5. ஆர்.சி.டி. உள்ளதா? அதன் அளவு 30 மில்லி ஆம்பியர்தானா?

6. சுவிட்ச் வரும் கம்பி ஃபேஸ்தானா? (நியூட்ரலில் சுவிட்ச் வைத்திருந்தால், அணைத்த பிறகும் கருவிக்குள் மின்சாரம் இருக்கும்.)

7. அளந்த எண்களை நாளிட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா?

ஏழாவது வினாவை விட்டுவிடாதீர்கள். எண்கள் எழுதப்பட்ட தாள் உள்ள இடத்தில் சோதனை நடந்திருக்கும். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். நோயாளியின் மருத்துவக் கோப்பிலேயே அதை வைத்துக்கொள்ளலாம்.

சுமைக் கணக்கு

மருத்துவக் கருவிகள் பலவும் மின்சாரத்தை மிகுதியாக உண்பவை அல்ல. 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் எடுக்கிறது. 10 லிட்டர் கருவி 600 வாட் அளவுக்கு எடுக்கலாம். காற்று மெத்தையின் பம்புக்குச் சில வாட்களே போதும். சிக்கல் வருவது அவற்றோடு ஒரே பாயின்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்றக் கருவிகளால்.

6 ஆம்பியர் பாயின்டின் எல்லை, 6 x 230, அதாவது 1,380 வாட். ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செறிவூட்டிக்கு 350, இஸ்திரிப் பெட்டிக்கு 1,000 என்றால் 1,350 ஆகிறது. அதில் ஒரு தொலைக்காட்சியைச் சேர்த்தாலே எல்லை மீறிவிடும். பாக்ஸின் உள்ளே தகடுகள் சூடேறும், நெகிழி உருகும், கருகிய வாடை வரும். செறிவூட்டி மணிக்கணக்கில், சில வீடுகளில் நாள் முழுவதும், நிற்காமல் ஓடுவது. எனவே தளர்ந்த ஓர் இணைப்பு சூடாவதற்கு அங்கே போதிய நேரம் உண்டு.

ஆகவே செறிவூட்டியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேரடியாகச் சுவர்ப் பாயின்டில் செருகுங்கள். அந்தப் பாயின்டை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கருவி ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தை உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடானால் கருவியை வேறு பாயின்டுக்கு மாற்றிவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். கம்பியை விரிப்பின் அடியிலோ கட்டில் காலின் அடியிலோ செலுத்தாதீர்கள்.

வாடகை வீட்டில் வசிப்பவர்களுக்கு

மின்இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருப்பதால், வாடகைக்கு இருப்போர் எதையும் கேட்கத் தயங்குகின்றனர். நோயாளி வீடு திரும்பும் முன்பே, கருவியின் பெயர், வாட் அளவு, வேண்டிய பாயின்ட், ஆர்.சி.டி. தேவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்துப் பேசுங்கள். ஆர்.சி.டி. பொருத்துவது விதி கேட்கும் ஒன்று. அது உரிமையாளரின் சொத்தையும் காக்கும். சுவரைக் குடையாமல் வெளிப்புறக் குழாயில் கம்பியைச் செலுத்தித் தனிப் பாயின்ட் அமைக்கும் வழியும் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். எதற்கும் இசைவு கிடைக்காவிட்டால், எர்த் உள்ள ஒரு பாயின்டாவது எந்த அறையில் இருக்கிறது என்று சோதித்தறிந்து, நோயாளியின் கட்டிலை அந்த அறைக்கு மாற்றுங்கள்.

மின்சாரம் நிற்கும் வேளை

துணைமின் நிலையங்களின் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களை நாளிதழ்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. அவற்றைக் கவனித்து நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அறிவிப்பின்றி வரும் தடைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியின் கொள்ளளவு 1,800 வாட் மணி. இழப்புகள் போக, 350 வாட் செறிவூட்டியை அது ஏறத்தாழ நான்கு மணி நேரமே ஓட்டும். அதுவும் பேட்டரி புதிதாக இருந்து, வேறு சுமை ஏதும் இல்லாதபோது. பழைய பேட்டரியில் இந்நேரம் இன்னும் சுருங்கும். மேலும் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே செல்கிறது; நோயாளியின் பாயின்டுக்கு அது வருகிறதா என்பதை மெயினை அணைத்துச் சோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். செறிவூட்டியில் மோட்டார் இருப்பதால் சைன் அலை இன்வெர்ட்டரே ஏற்றது.

எனவே தொடர்ந்து ஆக்சிஜன் தேவைப்படுபவர் வீட்டில் நிரப்பிய சிலிண்டர் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ‘பி’ வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 5 லிட்டர் வீதமானால் ஐந்து மணி நேரம்தான். மருத்துவர் குறித்த அளவைக் கொண்டு உங்கள் கணக்கைப் போட்டு, சிலிண்டரின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அதற்குள் மின்சாரம் வராது என்று தோன்றினால், சிலிண்டர் தீரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள், அதன் கம்பியை நேரே சுவர்ப் பாயின்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றாதீர்கள். அம்மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, கம்பத்தில் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகவே இணைக்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவதும் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாடையின்றிக் கொல்லும்.

வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று தெரிந்தால், நீர் பிளக் பாயின்ட் உயரத்தை எட்டும் முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். நீர் வடிந்தபின், மெக்கர் சோதனை முடியும்வரை மீண்டும் மெயினைப் போடாதீர்கள்.

ஆக்சிஜனும் நெருப்பும்

ஆக்சிஜன் தானே எரிவதில்லை; ஆனால் எரியும் எதையும் வெகுவேகமாக எரியச் செய்கிறது. நோயாளியின் ஆடை, தலையணை, முடி ஆகியவற்றில் ஆக்சிஜன் தங்கியிருக்கும். சாதாரண அறையில் அணைந்துபோகும் பொறி, அங்கே தீயாக மாறலாம். பூசை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், அடுப்பு ஆகியவை ஆக்சிஜன் பயன்படும் இடத்திலிருந்து குறைந்தது பத்தடி தொலைவில் இருக்க வேண்டும். அந்த அறையில் எவரும் புகைபிடிக்கக் கூடாது. சுவிட்சில் பொறி பறக்கும் பாயின்ட், தளர்ந்த பிளக் ஆகியவற்றை அந்த அறையில் ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. செறிவூட்டியைச் சுவரோடு ஒட்டியோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். காற்று உள்ளே செல்ல இடைவெளி வேண்டும்.

மின்னதிர்ச்சி நேர்ந்தால்

முதலில் மெயினை அணையுங்கள். அதற்கு முன் பாதிக்கப்பட்டவரைத் தொடாதீர்கள். அன்பினால் கைபிடித்து இழுக்கப்போய் இரண்டாமவரும் விழுந்த துயரங்கள் உண்டு. மெயினை அணைக்க முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். 108ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையெனில், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம் வலுவாக அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடமாடுகிறாரே என்று விட்டுவிடவும் வேண்டா. தோலில் சிறு கருமை மட்டும் தெரிந்தாலும், உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இதய நோயாளிகள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள், சற்றுநேரமேனும் நினைவிழந்தவர்கள் ஆகியோர் கட்டாயம் மருத்துவமனைக்கு வந்து இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். அதிர்ச்சி தந்த கருவியையும் பாயின்டையும் சோதனை முடியும்வரை பயன்படுத்தக் கூடாது.

நாள் குறித்தவுடன் தொடங்குங்கள்

வீடு திரும்பும் நாளன்று மாலையில் மின்பணியாளரைத் தேடினால், கிடைத்தவரைக் கொண்டு கிடைத்தபடி செய்ய நேரிடும். ஆகவே மருத்துவர் நாள் குறித்தவுடனேயே குடும்பத்தில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். முதல் நாள், கருவியின் வாட் அளவையும் பிளக் வகையையும் எங்கள் செவிலியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள், உரிமம் பெற்றவரை அழைத்து மேலே கூறிய ஏழு வினாக்களையும் கேளுங்கள். எர்த்தும் ஆர்.சி.டி.யும் சரியான பிறகு கருவியை வருவித்து, நோயாளி வரும் முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வேலை முடியவில்லையெனில் எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமாக வீடு திரும்புவதில் குறை ஒன்றும் இல்லை.